பெரியப்பா அம்பாசிடர்ல பாயிண்ட்ட தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட கதை

போன வருஷம் மே மாசம், அக்னி நட்சத்திரம் உச்சத்துல இருக்கறப்ப, பரனூர் டோல்கேட் க்யூவுல வண்டி நின்னுபோச்சு. முன்னாடி இன்னும் நாலு வண்டிதான், பின்னாடி ஒரு ஆம்னி பஸ்காரர் ஹாரன்ல கைய வச்சவர் எடுக்கவே இல்ல. செல்ஃப் அடிச்சா இன்ஜின் நல்லா சுத்துது, ஆனா ஒரு உறுமல் கூட இல்ல. டோல்ல வேல பாக்கற பசங்க ரெண்டு பேர் வந்து தள்ளி ஓரங்கட்டிக் குடுத்தாங்க. அதுல ஒருத்தன் சின்னப் பையன்தான், பானட்ட தூக்கிப் பாத்துட்டு "அண்ணா, பெட்ரோல் பம்ப்பு சூடாயிடுச்சு, ஈரத்துணி போடுங்க"ன்னான். அம்பாசிடர் வச்சிருந்த எல்லா வீட்லயும் தெரிஞ்ச வைத்தியம் இது. துண்ட நனைச்சு பம்ப்பு மேல சுத்தி, இருபது நிமிஷம் நிழல்ல நின்னு ஒரு இளநி குடிச்சுட்டு வந்து சாவிய திருப்பினா ஒரே அடியில ஸ்டார்ட்.

சரி, வேப்பர் லாக்தான் (சூட்டுல பெட்ரோல் வழியிலயே ஆவியாகி அடச்சுக்கறது)னு நானும் நம்பிட்டேன். அப்புறம் நாலு மாசம் அந்த நம்பிக்கையிலயே காச கரைச்சேன். பம்ப்பு மாத்தினேன், பெட்ரோல் ட்யூப இன்ஜின விட்டு தள்ளி சுத்தி விட்டேன், கார்ப்பரேட்டர ரெண்டு தடவ கழட்டி க்ளீன் பண்ணேன், இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலயும் திட்டித் தீத்தேன். வண்டி மட்டும் சூடானா நின்னுக்கிட்டே இருந்துச்சு. துண்டு போட்டதால ஸ்டார்ட் ஆகல, இருபது நிமிஷம் ஆறினதால ஸ்டார்ட் ஆச்சு, அந்த இருபது நிமிஷத்துல பம்ப்பு மட்டுமா ஆறும், பக்கத்துல இருக்கற எல்லாம்தான ஆறும், இது எனக்கு ஏன் தோணலன்னு இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு.

வண்டிய பத்தி சொல்லிடறேன். 1984 மார்க் 4, பெரியப்பா கும்பகோணத்துல வாங்கினது, அவர் போனப்புறம் எங்கிட்ட வந்துச்சு. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் பிஎம்சி கம்பெனியோட பி சீரிஸ். இதே இன்ஜின்தான் 1955ல வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் கார்லயும் இருந்துச்சு, அதையே 1798 சிசியா பெருசு பண்ணி எம்ஜிபியில போட்டாங்க. இத ஏன் சொல்றேன்னா, நம்மூர்ல அம்பாசிடர் செய்யறது 2014ல வங்காளத்து உத்தரபாரா ஃபேக்டரியில நின்னுபோச்சு, பார்ட்ஸும் கொறஞ்சுக்கிட்டே வருது, ஆனா எம்ஜிபி வச்சிருக்கற வெள்ளக்காரங்க இன்னும் அத கொஞ்சிக்கிட்டு இருக்கறதால இக்னிஷன் சமாச்சாரம் எல்லாம் இன்னும் புதுசா செஞ்சுக்கிட்டேதான் இருக்காங்க. என் வண்டியில இருந்த டெல்கோ நம்ம சென்னை பாடியில இருக்கற லூகாஸ் டிவிஎஸ்ல செஞ்சது, இங்கிலாந்து லூகாஸோட 25டி4 மாடல். (ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வச்சு கரண்ட்ட பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர்தான் டெல்கோ. 1912 கேடிலாக்ல செல்ஃப் ஸ்டார்ட்டர் போட்டுக் குடுத்த அமெரிக்கக் கம்பெனி பேரு டெல்கோ, அவங்களும் பேட்டரி இக்னிஷன் செஞ்சவங்கதான். நம்ம ஊர் மெக்கானிக்குக்கு யார் செஞ்சாலும் டிஸ்ட்ரிபியூட்டர்னா டெல்கோதான்.)

கடைசியா பாய் கிட்ட போனேன். பல்லாவரம் பக்கம் ஷெட்டு வச்சிருக்கார், வயசு எழுபது இருக்கும், இப்ப வேல கம்மி பண்ணிட்டார், பழைய வண்டின்னா மட்டும் தொடுவார். கதைய பூரா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார். "தம்பி, வண்டி நின்னப்ப பிளக்குல கரண்ட் வருதான்னு பாத்தியா?"

பாக்கல. நாலு மாசத்துல ஒரு தடவ கூட பாக்கல.

"பெட்ரோல் பிரச்சனன்னு வர்ற வண்டியில பாதிக்கு மேல கரண்ட் பிரச்சனதான் பா"ன்னு சொல்லிட்டு, இன்ஜின சூடாக்கச் சொன்னார், ஷெட்டுக்கு வெளிய வெயில்லயே முக்கா மணி நேரம் ஓடவிட்டோம், நின்னுச்சு. பிளக்க கழட்டி அதோட உடம்ப இன்ஜின்ல எர்த் படற மாதிரி வச்சு செல்ஃப் அடிக்கச் சொன்னார். மஞ்சளா, சீக்காளி மாதிரி ஒரு பொறி, அதுவும் ரெண்டு தடவைக்கு ஒரு தடவ. உடனே டெல்கோ மேல இருக்கற மூடிய, அதான் கேப்ப, தொறந்து கண்டன்சர மட்டும் மாத்தினார், அவர் டப்பாவுல இருந்த பழசுதான். அடிச்ச ஒடனே நீலமா பட்டு பட்டுன்னு அடிச்சுது. அஞ்சு நிமிஷ வேல. நான் போன வருஷம்தான் அந்தக் கண்டன்சர புதுசா போட்டிருந்தேன், பளபளன்னு இருந்துச்சு, ஆனா சூடானா செத்துப்போற ஜாதி.

இங்க கொஞ்சம் விளக்கம் தேவ, தெரிஞ்சவங்க தாண்டிடுங்க. சாவி ஆன் பண்ணா பேட்டரி கரண்ட் காயில்ங்கற கம்பிச் சுருளுக்குள்ள போய், டெல்கோவுக்குள்ள இருக்கற பாயிண்ட் வழியா எர்த் ஆகுது. பாயிண்ட் மூடி இருக்கற வரைக்கும் காயில்ல காந்தம் சேருது, கேம் (டெல்கோ தண்டுல இருக்கற மேடு) சுத்தி பாயிண்ட்ட தொறந்த அந்த நொடி கரண்ட் அறுந்து காந்தம் சரிஞ்சு காயிலோட ரெண்டாவது கம்பிச் சுத்துல பல ஆயிரம் வோல்ட் கிளம்புது, அது தண்டு மேல சுத்தற ரோட்டர் வழியா எந்தப் பிளக்கோட முறையோ அங்க போய்ச் சேருது. பாயிண்ட் தொறக்கும்போது அதோட முனையிலயே பொறி அடிக்காம இழுத்துக்கறதுதான் கண்டன்சர் வேல, அது செத்தா பொறி பிளக்குல வராம பாயிண்ட்லயே எரிஞ்சு தீந்துடும். நாலு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்பிஎம்ல ஓடினா நிமிஷத்துக்கு 6000 பொறி, செகண்டுக்கு நூறு. ஒரு சின்ன இரும்புத் துண்டு செகண்டுக்கு நூறு தடவ தொறந்து மூடிக்கிட்டு இருக்கு, நாப்பது அம்பது வருஷம் எல்லா காரும் இப்படித்தான் ஓடுச்சுன்னு நெனச்சா ஆச்சரியமாத்தான் இருக்கு.

அப்ப கண்டன்சர் மாத்தியாச்சு, கத முடிஞ்சுதா? எனக்கு ஆச வந்துடுச்சு. இந்தப் பாயிண்ட் கண்டன்சர் தொல்லையே வேணாம், எலக்ட்ரானிக் கிட்டு போட்டுடலாம்னு பாய் கிட்ட சொன்னேன். அவர் வேணாம்னு சொல்லல. "போடு. ஆனா இருக்கறத முதல்ல சரி பண்ணி ஓட்டு, அப்புறம் போடு. ஓட்டப் பானையில புது மூடி போட்டு என்ன பிரயோஜனம்"னார். இந்த ஒரு பேச்சக் கேட்டதுதான் நான் பண்ண ஒரே புத்திசாலித்தனம்.

ஏன்னா கிட்டு மாத்தறது பாயிண்ட்டையும் கண்டன்சரையும் மட்டும்தான். காயில், ரோட்டர், கேப், பிளக் ஒயர், டெல்கோவோட தண்டு, உள்ள இருக்கற அட்வான்ஸ் வெயிட்டு (வேகம் ஏற ஏற பொறிய முன்னாடியே அடிக்க வக்கறது), சாவி ஸ்விட்ச், எர்த்து, எல்லாம் அதே நாப்பது வருஷப் பழசு. அதுல என்ன கோளாறு இருக்கோ அது அப்படியே இருக்கும், என்ன, கிட்டு மேல பழி போடலாம்.

ஒண்ணொண்ணா பாத்தோம். முதல்ல மல்டிமீட்டர் எடுத்து காயில் ப்ளஸ்ல வச்சேன், 12.5 வோல்ட் காட்டுச்சு, பேட்டரியிலயும் அதேதான், "சூப்பர் பாய்"ன்னேன். அவர் சிரிச்சுட்டு இன்ஜின கையால லேசா சுத்தி பாயிண்ட் மூடற எடத்துல நிறுத்தி "இப்பப் பாரு"ன்னார். 9.7! கரண்ட் ஓடாதப்ப அளந்தா எந்த இத்துப்போன ஒயரும் முழு வோல்ட்டேஜ் காட்டும், ஓடும்போது அளந்தாதான் வண்டவாளம் தெரியும். கிட்டத்தட்ட மூணு வோல்ட் வழியிலயே காணாமப் போகுது. சாவி ஸ்விட்சுல பாதி, டேஷ்போர்டுக்கு அடியில ஒயர் சேர்ற எடத்துல பச்சப் பூத்துப்போயிருந்த ரெண்டு கனெக்டர்ல மீதி. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே பத்துக்கு எறங்கும், அதுல மூணு போனா காயிலுக்கு ஏழுதான், அப்புறம் காலையில ஸ்டார்ட் ஆக ஏன் முரண்டு பிடிக்காது?

அப்புறம் மீட்டர காயில் மைனஸ்ல வச்சு, பாயிண்ட் மூடியிருக்கும்போதே, எர்த்துக்கு அளந்தோம். சைபர் பக்கம் வரணும். 0.6 வந்துச்சு. டெல்கோவுக்குள்ள பாயிண்ட் உக்காந்திருக்கற தட்டு வேக்வம் அட்வான்ஸுக்காக அசையற தட்டு, அத உடம்போட சேக்க துணி சுத்தின ஒரு சின்ன ஒயர் இருக்கும், என் வண்டியில அது நூல் நூலா பிரிஞ்சு ரெண்டு இழையில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வேக்வம் இழுக்கும்போது தொடும், விடும். ஹைவேயில அப்பப்ப ஒரு குலுக்கு குலுக்குமே, அது இதுதான். டிவி ரிமோட் சைஸ்ல கூட இல்ல, என் சுண்டு விரல் நீளம் ஒயர், புதுசா நெளியற ஜாதி ஒயர் வச்சு சால்டர் பண்ணோம்.

ரோட்டர் செக் பண்ற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. காயில்ல இருந்து கேப்புக்கு வர்ற நடு ஒயர உருவி, அதோட முனைய ரோட்டர் மேல இருக்கற பித்தளைக்கு ஒரு மூணு நாலு மில்லிமீட்டர் தள்ளி பிடிக்கணும், கையால பிடிச்சா கரண்ட் அடிக்கும், காஞ்ச குச்சியில கட்டிப் பிடிங்க. சாவிய ஆன்ல வச்சு பாயிண்ட்ட ஸ்க்ரூ டிரைவரால தொறந்து தொறந்து விடணும். ரோட்டர் நல்லதா இருந்தா பொறி அதுல பாயவே கூடாது, ஏன்னா அதுக்கு அப்பால போக வழி இல்ல. என் ரோட்டர்ல ஒவ்வொரு தடவயும் டக்கு டக்குன்னு பாஞ்சுது. அப்படின்னா கரண்ட் பிளாஸ்டிக்க ஓட்ட போட்டு உள்ள தண்டுக்கே எறங்குது. அதுவும் புது ரோட்டர்தான், நடுவுல ரிவிட் அடிச்ச மாடல். ரிவிட் இல்லாத ரோட்டரா தேடி வாங்குங்க, அம்பது நூறு அதிகமானா பரவால்ல.

ராத்திரி ஷெட்டு லைட்ட அணச்சுட்டு, இன்ஜின ஓடவிட்டு, பிளக் ஒயர் மேல தண்ணிய ஸ்ப்ரே பண்ணிப் பாத்தோம். மூணாம் நம்பர் ஒயர் நெடுக நீலமா மின்னிக்கிட்டு சரசரன்னு சத்தம், கேப்புக்குக் கீழ ஒரு எடத்துல கார்த்திகைக்கு கம்பி மத்தாப்பு கொளுத்தின மாதிரி. பாய் ஷெட்டுப் பையன் "ஐ, சூப்பரா இருக்கு"ன்னு வீடியோ எடுத்தான்.

டெல்கோ தண்ட பிடிச்சு ஆட்டினா பக்கவாட்டுல லொடலொடன்னு ஆடுச்சு. தண்டு உக்காந்து சுத்தற புஷ் தேஞ்சுபோச்சு. தண்டு ஆடினா பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுத்துக்கும் மாறும், டைமிங், அதாவது பொறி அடிக்கற நேரம், ஒரு எடத்துல நிக்காது. உள்ள அட்வான்ஸ் வெயிட்டு ரெண்டும் கெட்டிப்போன க்ரீஸ்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, ஒரு ஸ்ப்ரிங் நீண்டு தொளதொளன்னு. புதுப்பேட்டைக்குப் போனேன். கூவம் பக்கத்து சந்துல ஒரு கடைக்காரர் கிட்ட பழைய டெல்கோ மூணு மொத்தமா எடைக்குப் போட்ட மாதிரி வெலைக்கு வாங்கி, அதுல நல்ல தண்டு, நல்ல ஸ்ப்ரிங்னு பொறுக்கி, லேத்துல புது புஷ் அடிச்சு ஒரு நல்ல டெல்கோவும், ஓரளவு நல்லா ஒரு ஸ்பேர் டெல்கோவும் தேத்திட்டோம். ஸ்ப்ரிங் எடுக்கும்போது ஒரே மாதிரி நம்பர் போட்ட டெல்கோவுல இருந்து எடுங்க, உடம்புல பக்கவாட்டுல நம்பர் குத்தியிருக்கும். ஸ்ப்ரிங் மாறினா அட்வான்ஸ் ஏர்ற வேகமே மாறிடும்.

இவ்வளவும் பண்ணி, மைக்கோ பிளக்குக்கு 25 தௌ (இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு தௌ) இடைவெளி வச்சு, பழைய பாயிண்ட்லயே ஓட்டினா, வண்டி எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு நல்லா ஓடினதே இல்ல. நேர்மையா சொல்றேன், கிட்டு போட்டப்புறம் வந்த வித்தியாசத்த விட இது பெரிய வித்தியாசம்.

பின்ன கிட்டு எதுக்கு? இப்ப கெடைக்கற பாயிண்ட் செட்டோட தரம்தான் காரணம். கேம் மேல ஒரசற அந்தக் குதிகால் துண்டு சீக்கிரமே தேஞ்சுடுது. தேஞ்சா பாயிண்ட் இடைவெளி கொறையும், இடைவெளி கொறஞ்சா பாயிண்ட் லேட்டா தொறக்கும், டைமிங் பின்னாடி போகும், வண்டி கொஞ்சங் கொஞ்சமா மந்தமாகும், மெதுவா நடக்கறதால நமக்கு உறைக்காது. நான் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவ உப்புத்தாளும் ஃபில்லர் கேஜும் (இடைவெளி அளக்கற தகடு) எடுத்துக்கிட்டு உக்காந்தேன். அந்தக் காலத்து பாயிண்ட் கெடச்சா நான் கிட்டு பக்கமே போயிருக்க மாட்டேன்.

கிட்டுன்னா பெருசா ஒண்ணும் இல்ல. கேம் மேல மாட்டற ஒரு வளையம், அதுல நாலு குட்டி காந்தம். பாயிண்ட் இருந்த எடத்துல ஸ்க்ரூ பண்ற ஒரு மாட்யூல், காந்தம் தாண்டும்போதெல்லாம் அது உணர்ந்து காயில் கரண்ட்ட அறுக்கும். ஒரசறது எதுவும் இல்ல, தேயறதும் இல்ல. சிவப்பு ஒயர் காயில் ப்ளஸ், கருப்பு மைனஸ். மாத்தி குடுத்தா மாட்யூல் அங்கேயே அவுட்டு. நெகட்டிவ் எர்த் வண்டியான்னு முதல்ல பாத்துக்குங்க, 1960கள் வரைக்கும் வந்த பிரிட்டிஷ் வம்சத்து வண்டிங்க நெறையத்துல பேட்டரி பாசிட்டிவ்தான் பாடியில எர்த், அதுக்குத் தனி கிட்டு. என் வண்டி நெகட்டிவ். கேப், ரோட்டர், வேக்வம் எல்லாம் பழசேதான் இருக்கும், வெளிய இருந்து பாத்தா எதுவும் மாறினதே தெரியாது, அதுவும் எனக்குப் பிடிச்சுது.

காயில்ல ஒரு தப்பு பண்ணப் பாத்தேன். "ஸ்போர்ட்ஸ் காயில்"னு மஞ்சள் கலர்ல ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன், பாக்க ஜோரா இருந்துச்சு. மீட்டர் வச்சு ப்ளஸ் மைனஸுக்கு நடுவுல அளந்தா 1.5 ஓம். பழைய காயில் 3.2. ஓடும்போது வோல்ட்டேஜ் பதினாலுன்னு வச்சா பழைய காயில்ல நாலு ஆம்ப் சொச்சம், இதுல ஒம்போது ஆம்புக்கு மேல. அந்தக் காயில் பேலஸ்ட் ரெசிஸ்டர் (கரண்ட்ட கொறைக்கற தடை) கூட ஓட வேண்டியது, நேரா 12 வோல்ட்ல குடுத்தா மாட்யூல் வறுவலாகிடும். நாலு சிலிண்டர் கிட்டு பேப்பர்லயே மூணு ஓம் காயில்னு போட்டிருந்தான், நான்தான் படிக்கல. மஞ்சள் காயில் இப்ப அலமாரியில இருக்கு. பிளக் ஒயரும் செப்புக் கம்பி ஒயர் ஆகாது, அதோட சத்தம் மாட்யூல கொழப்பிடும், உள்ள கார்பன் இருக்கற ரெசிஸ்டர் ஒயர்தான் வேணும், மீட்டர்ல வச்சா சில ஆயிரம் ஓம் காட்டணும்.

டைமிங். பாயிண்ட்டா இருந்தா ஒரு 12 வோல்ட் பல்ப காயில் மைனஸுக்கும் எர்த்துக்கும் கட்டி, பல்ப் எரியற நொடிதான் பாயிண்ட் தொறக்கற நொடின்னு இன்ஜின ஓடவிடாமயே வச்சுடலாம். கிட்டு வந்தப்புறம் அத நம்பாதீங்க, பொறி அடிக்கற நொடியெல்லாம் மின்னற ஸ்ட்ரோப் லைட் வாங்கிடுங்க. ஸ்ட்ரோப் வக்கறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் ஆகற அளவுக்காவது டைமிங் கிட்ட இருக்கணும், அதுக்கு ராக்கர் கவர கழட்டி நாலாம் சிலிண்டர் வால்வு ரெண்டும் ஒண்ணு மூடி இன்னொண்ணு தொறக்கப் போற எடத்துல நிறுத்தினா ஒண்ணாம் சிலிண்டர் கம்ப்ரஷன்ல மேல நிக்கும், அப்ப ரோட்டர் எந்தப் பக்கம் பாக்குதோ அதுதான் ஒண்ணாம் நம்பர் ஒயர். அங்க இருந்து 1-3-4-2, ரோட்டர் சுத்தறது கடிகாரத்துக்கு எதிர்ப் பக்கம். டெல்கோ உடம்ப கடிகாரப் பக்கம் திருப்பினா அட்வான்ஸ். இத நான் சுவத்துல சாக்பீஸ்ல எழுதியே வச்சுட்டேன், ஒவ்வொரு தடவயும் மறந்துடுவேன்.

என் வண்டியில டைமிங் குறி இருக்கறது புல்லிக்கு அடியில, வண்டிக்குக் கீழ படுத்தாதான் தெரியும். புல்லியில இருக்கற வெட்டுக்கு ஆபீஸ் ஒயிட்னர் தடவி, வேக்வம் ட்யூப உருவி அடச்சுட்டு, நான் கீழ ஸ்ட்ரோப்போட, பாய் மேல டெல்கோவ பிடிச்சுக்கிட்டு. "கொஞ்சம்... கொஞ்சம்... போதும் பாய், போதும்!" ஸ்ட்ரோப் வெளிச்சத்துல ஃபேன் நிக்கற மாதிரியே தெரியும், கைய விட்டுடாதீங்க, அது சுத்திக்கிட்டுதான் இருக்கு. பாயிண்ட்ல ஓடினப்ப அந்த வெள்ளக் குறி ரெண்டு டிகிரி இங்கயும் அங்கயும் ஆடிக்கிட்டே இருக்கும், இப்ப ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. பாய மேல ஆக்சிலரேட்டர மெதுவா குடுக்கச் சொன்னா குறி வழுக்கிக்கிட்டு நகந்து, விட்டா திரும்ப அதே எடத்துக்கு வருது. நான் கீழ படுத்தபடியே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் ரோட்ல ஓட்டி, மூணாவது கியர்ல மேடு ஏறும்போது இன்ஜின் தட்டற சத்தம் வந்துச்சு, டைமிங்க ஒரு பொட்டு பின்னாடி வச்சோம், சரியாப்போச்சு.

மூணு வோல்ட் போச்சுன்னு சொன்னேன்ல, அதுக்கு ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட்ட ஆன் பண்ற ஸ்விட்சு) போட்டேன். பேட்டரியில இருந்து ஃபியூஸ் வழியா நேரா ரிலேவோட 30ம் நம்பர் முனைக்கு, 87ல இருந்து காயிலுக்கும் கிட்டுக்கும், பழைய சாவி ஒயர் 86ல, 85 எர்த்து. காயில்ல இப்ப 12.4. அன்னிக்கு சாயங்காலம் பெருமையா ஒரு ரவுண்டு போயிட்டு வீட்டு வாசல்ல நிறுத்தி சாவிய ஆஃப் பண்ணி கையில எடுத்தேன். வண்டி ஓடிக்கிட்டே இருக்கு! சாவி என் கையில, இன்ஜின் ஜம்முனு ஐடில்ல. எதிர் வீட்டு மாமி "என்னப்பா, உன் பெரியப்பா ஓட்டறாரா"ன்னாங்க. நாலாவது கியர்ல போட்டு க்ளச்ச விட்டுத்தான் அணச்சேன்.

விஷயம் என்னன்னா, ஆல்டர்னேட்டர் சுத்திக்கிட்டு இருக்கறப்ப சார்ஜிங் லைட் பல்ப் வழியா கொஞ்சம் கரண்ட் திரும்பி வந்து ரிலேவ பிடிச்சுக்கிட்டே இருக்கு. ரிலே இழுக்க ரொம்பக் கம்மி கரண்ட் போதும். பழைய மாதிரி காயில் நேரா அந்த ஒயர்ல இருந்தா அந்தப் பிசாத்து கரண்ட்ல ஓடாது, அதனால இத்தன நாள் தெரியல. சார்ஜிங் லைட் ஒயர்ல ஒரு 1என்4007 டயோடு, வெள்ளிக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் பாக்கற மாதிரி போட்டேன், தீந்துச்சு. ரிட்சி ஸ்ட்ரீட்ல அது ரெண்டு ரூபா.

அடுத்த அடி கும்பகோணத்துல. மனைவியோட சித்தப்பா பொண்ணு கல்யாணம், மாப்பிள்ள அழைப்புக்கு நம்ம அம்பாசிடர்தான் வேணும்னு ஒரே பிடிவாதம், பூ அலங்காரம் எல்லாம் பண்ணி பிள்ளையார் கோயில் வாசல்ல நிக்குது. அர்ச்சன முடிஞ்சு மாப்பிள்ள மாலையோட வந்து உக்காந்தார், நான் சாவிய திருப்பினா இன்ஜின் சுத்துது, சுத்துது, அவ்வளவுதான். பானட்ட தொறந்து காயில தொட்டா சுட்டுச்சு, வெரல் நுனி செவந்துபோச்சு. யாரு என்ன பண்ணீங்கன்னு கேட்டா, மச்சான் மெதுவா "மாமா, பசங்க பாட்டு கேட்டாங்க, சாவிய மட்டும்தான் திருப்பி வச்சேன், ஸ்டார்ட்லாம் பண்ணல"ன்னான். எவ்வளவு நேரம்? அரை மணி. ரேடியோ இக்னிஷன் லைன்ல இருக்கு. இன்ஜின் ஓடாம சாவி ஆன்ல இருந்தா மாட்யூல் காயில் கரண்ட்ட விடாம குடுத்துக்கிட்டே இருக்கும், ரெண்டும் சேந்து வேகும். கிட்டு பேப்பர்ல இதுவும் கொட்ட எழுத்துல போட்டிருந்துச்சு, நான் படிச்சுமிருந்தேன், மச்சான் கிட்ட சொல்லத்தான் இல்ல.

டிக்கியில பழைய பாயிண்ட் செட்டும் பாயோட பழைய கண்டன்சரும் ஒரு பிஸ்கட் டப்பாவுல கெடந்துச்சு. பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, மச்சான டார்ச் பிடிக்கச் சொல்லிட்டு, மாட்யூலயும் காந்த வளையத்தையும் கழட்டி பாயிண்ட்ட மாட்டினேன். ஃபில்லர் கேஜ் சென்னையில. கல்யாணப் பத்திரிக அட்ட கைக்குக் கெடச்சுது, அத கிழிச்சு ஒரு துண்டு, கேம் மேடு பாயிண்ட்ட முழுசா தொறக்கற எடத்துல வச்சு அட்ட லேசா ஒரசிக்கிட்டு போற மாதிரி டைட் பண்ணேன். டைமிங் குத்துமதிப்பா காதுலதான். காயிலுக்கு ஈரத்துண்டு சுத்தினேன், இந்த தடவ சரியான எடத்துல. நாயனக்காரர் அதுவரைக்கும் அடுத்தடுத்து மூணு பாட்டு வாசிச்சு சமாளிச்சார், மாப்பிள்ள பாவம் வேர்வையில குளிச்சுட்டார். ஸ்டார்ட் ஆச்சு. மறுநாள் அதே பாயிண்ட்ல சென்னைக்கே வந்து சேந்தோம். வீட்டுக்கு வந்து அந்த அட்டத் துண்ட வெர்னியர்ல அளந்தேன், 0.38 மில்லிமீட்டர், அதாவது 15 தௌ. புக்குல இருக்கறது 14ல இருந்து 16.

இப்ப ரெண்டாவது கிட்டு ஓடுது, இன்ஜின் சுத்தலன்னா கொஞ்ச நேரத்துல தானே காயில் கரண்ட்ட நிறுத்திக்கற மாடல், வெல கொஞ்சம் கூட. பத்து மாசம் ஆச்சு, கேப்ப தொறந்தது ரெண்டு தடவ, ரோட்டருக்குக் கீழ தண்டுல ரெண்டு சொட்டு எண்ணெய் விடத்தான். காலையில அர செல்ஃப்ல பிடிச்சுக்குது, ஐடில் ஆடாம இருக்கு. மைலேஜ் லிட்டருக்கு பத்து குடுத்தது பத்தரை பக்கம் வருது, அதுல கிட்டுக்கு எவ்வளவு பங்கு, புது புஷ்ஷுக்கும் ஒழுங்கான டைமிங்குக்கும் எவ்வளவு பங்குன்னு என்னால பிரிச்சு சொல்ல முடியாது. கிட்டு போட்டா வண்டி பறக்கும்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

டிக்கியில பிஸ்கட் டப்பா போய் இப்ப முழு ஸ்பேர் டெல்கோவே இருக்கு, பாயிண்ட் கண்டன்சர் எல்லாம் செட் பண்ணி டைமிங் குறி போட்டு வச்சது. இந்த லூகாஸ் டெல்கோவோட அடிக் கொக்கி நடுவுல இல்லாம ஒரு ஓரமா இருக்கும், அதனால தப்பா திருப்பி எறக்கவே முடியாது, பத்து நிமிஷத்துல மாத்திடலாம். எங்கயாவது வெல்டிங் வேல குடுத்தா பேட்டரிய கழட்டச் சொல்றதோட கிட்டோட ரெண்டு ஒயரையும் காயில்ல இருந்து எடுத்துடுவேன்.

ரேடியோவுக்கு பேட்டரியில இருந்து தனி ஒயர் இழுத்து தனி ஸ்விட்ச் வச்சாச்சு. போன வாரம் மச்சான் வந்திருந்தான், பின் சீட்ல உக்காந்துக்கிட்டு "மாமா, பாட்டு போடலாமா, இல்ல பயமா இருக்கு"ன்னான். போட்றா, பேட்டரி எறங்கினா தள்ளப் போறவன் நீதானன்னேன்.